அடாரி 2600 'பாஸ்கெட்பால்': முதல் முறை ஆடுபவர்களுக்கான செய்முறை

வீட்டு வீடியோ கேம்களில் கூடைப்பந்து எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், 1978-இல் அடாரி நிறுவனம் தன் 2600 என்ற வீட்டு கேம் கருவிக்கு வெளியிட்ட 'பாஸ்கெட்பால்' கேமை ஒருமுறையாவது ஆடிப் பாருங்கள். எழுதியவர் ஆலன் மில்லர். அடுத்த ஆண்டே அடாரியை விட்டு வெளியேறி, நண்பர்களோடு ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

திரையில் இரண்டே ஆட்கள், ஒரு பந்து, இரண்டு கூடைகள். ஆனால் முதல் ஆட்டத்தில் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து. இந்த கேமில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முதலில்; எறிவதெல்லாம் அப்புறம். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது.

படி 1: கேமைத் தயார் செய்வது

இரண்டு வழிகள். பழைய கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, கருவியில் செருகும் பெட்டி) கையில் இருந்தால், அசல் அடாரி 2600-இலோ, 2023-இல் வந்த அடாரி 2600 பிளஸ்ஸிலோ செருகி ஆடலாம். பிளஸ் கருவியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக இன்றைய டிவியோடு இணைக்க முடியும்.

கணினியில் ஆடுவதென்றால் ஸ்டெல்லா என்ற இலவச எமுலேட்டர் (கணினியை அடாரி கருவிபோல இயங்க வைக்கும் மென்பொருள்) போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேம் கோப்பு ஸ்டெல்லாவோடு வராது. அதை உரிமையோடு நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். கோப்பைத் திறந்தால் கேம் உடனே திரையில் வந்துவிடும்.

படி 2: விசைகளைப் பழகுவது

அடாரி ஜாய்ஸ்டிக்கில் ஒரு குச்சி, ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். ஸ்டெல்லாவில் அம்பு விசைகள் குச்சியின் வேலையைச் செய்யும். ஸ்பேஸ் பார் சிவப்புப் பொத்தான்.

அசல் கருவியின் முகப்பில் இருந்த சுவிட்சுகளுக்கும் விசைகள் உண்டு. எஃப்1 என்பது செலக்ட்: ஒருவர் ஆட்டமா, இருவர் ஆட்டமா என்று மாற்றும். எஃப்2 என்பது ரீசெட்: ஆட்டத்தைத் தொடங்கும். கடினநிலைச் சுவிட்சுகளையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இடது ஆட்டக்காரருக்கு எஃப்6, வலது ஆட்டக்காரருக்கு எஃப்8 அழுத்தினால் 'பி' நிலைக்கு வரும். அடாரியின் வழக்கப்படி 'பி' என்பது புதியவர்களுக்கானது. எஃப்5-ஐயும் எஃப்7-ஐயும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படி 3: களத்தைப் படிப்பது

எஃப்2 அழுத்திவிட்டு உடனே ஓடாதீர்கள். களத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். அது செவ்வகம் இல்லை. கீழ்ப்பக்கம் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். இந்தச் சரிவான ஓரங்கள்தான் தட்டையான திரையில் ஆழத்தைக் காட்டுகின்றன. குச்சியை மேலே தள்ளினால் உங்கள் ஆள் உயரே எழுவதில்லை, களத்தின் அந்தப்பக்கம் நடந்து போகிறான். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1978-இல் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட்தான். கிலோபைட் அல்ல, பைட். படம் வரையும் சில்லுக்கு இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு சிறு குண்டுகள், ஒரு பந்து, பின்னணிக் கோடுகள் ஆகியவற்றை மட்டுமே நேரடியாக வரையத் தெரியும். அணிக்கு ஐந்து பேர் என்று பத்து பேரைக் காட்டுவதை நினைத்தே பார்க்க முடியாது. மில்லர் ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். கருவியின் எல்லையும் ஆட்டத்தின் வடிவமும் இவ்வளவு அழகாகப் பொருந்திய கேம்கள் அந்தக் காலத்தில் குறைவு என்றே சொல்வேன்.

இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கூடை. நீங்கள் பந்து போட வேண்டியது எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடைக்கு 2 புள்ளிகள், எங்கிருந்து போட்டாலும் அதேதான். தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டைத் தேடாதீர்கள், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வே அதை 1979-80 பருவத்தில்தான் கொண்டுவந்தது. ஆட்டம் 4 நிமிடம்.

படி 4: தனியாகப் பயிற்சி

கணினியோடு மோதும் முன் இதைச் செய்யுங்கள். எஃப்1 அழுத்தி இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை யாரும் தொட வேண்டாம். எதிராளி சிலைபோல நிற்பான். நிம்மதியாகப் பழகலாம்.

முதலில் எறிதல். பந்து உங்களிடம் இருக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் கைகள் பந்தோடு மேலே எழும்; விட்டால் பந்து பறக்கும். கைகள் எந்த உயரத்தில் இருக்கும்போது விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பந்தின் வளைவு மாறும். எனவே சட்டென்று தட்டி விடுவது ஒருவகை எறிதல், சற்றுப் பிடித்து விடுவது இன்னொருவகை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, விடும் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி எறியுங்கள். கூடைக்குள் போகும் தாளம் விரலுக்குப் பிடிபட்ட பிறகு ஓர் அடி பின்னால் நகருங்கள். இடத்தையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றினால் எதனால் தவறியது என்றே தெரியாது.

கூடை விழுந்ததும் பந்து எதிராளியிடம் போகும். அவன் நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருப்பான். இப்போது பறிக்கும் பயிற்சி. அவனுக்கு முன்னால் போய், பந்து தரைக்கும் கைக்கும் நடுவே இருக்கும்போது அதைத் தொட வேண்டும். பின்னாலிருந்து உரசிப் பயனில்லை. பறித்துவிட்டால் மறுபடி எறிதலுக்கு வந்துவிடலாம்.

படி 5: கணினியோடு மோதுவது

எஃப்1 அழுத்தி ஒருவர் ஆட்டத்துக்கு மாறி, எஃப்2 அழுத்துங்கள். அந்தக் காலத்து அடாரி கேம்கள் பலவற்றுக்கு எதிரில் ஆட இன்னொரு மனிதர் வேண்டும். இதில் கணினியே எதிராளியாக வரும்.

தற்காப்பில் ஒரே விதி: அவனுக்கும் கூடைக்கும் நடுவில் நில்லுங்கள். பந்தைத் துரத்திப் போனால் அவன் உங்களைத் தாண்டிவிடுவான், அப்புறம் கூடை திறந்து கிடக்கும். அவன் கையைத் தூக்கியதும் நீங்கள் பொத்தானை அழுத்தினால் உங்கள் ஆள் குதித்துத் தடுப்பான். கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கவும் இதே குதிதான். முந்திக் குதித்துவிட்டால் நீங்கள் இறங்கும் நேரத்தில் அவன் எறிவான்; கையைப் பார்த்த பிறகே குதியுங்கள்.

தாக்கும்போது நேர்க்கோட்டில் கூடையை நோக்கி ஓடாதீர்கள். மேலேயோ கீழேயோ விலகி, ஆழத்தைப் பயன்படுத்தி அவனைச் சுற்றிப் போங்கள். அவனுக்கு எதிரே முகத்துக்கு முகம் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றால் பறித்துவிடுவான்.

படி 6: கணினியின் குணத்தைப் புரிந்துகொள்வது

நீங்கள் முன்னிலை பெறும்போது கணினி சுறுசுறுப்பாகும். பின்தங்கினால் சற்றுத் தளரும். அதனால் பெரும்பாலும் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். 2 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் இப்படி ஒரு எதிராளியை மில்லர் எழுதியதுதான் இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆகவே முதல் நிமிடத்திலேயே பெரிய முன்னிலை எடுக்கப் போராட வேண்டாம். நெருக்கமாகத் தொடர்ந்து, கடைசிக் கட்டத்தில் ஒரு கூடை முன்னே இருந்தால் போதும். இத்தனை நொடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற விதி இதில் கிடையாது. அதனால் முன்னிலையில் இருக்கும்போது பந்து கையில் கிடைத்தால், களத்தின் ஆழத்தில் மேலும் கீழும் அலைந்து நேரத்தைக் கடத்தலாம். அவன் எதிரே வரும்போது விலகுங்கள், நிற்காதீர்கள்.

படி 7: நண்பரோடு

ஒரே விசைப்பலகையில் இருவர் ஆடலாம். இரண்டாமவருக்கு மேலே போக ஒய், கீழே எச், இடப்பக்கம் ஜி, வலப்பக்கம் ஜே, பொத்தானுக்கு எஃப். ஒருவர் மட்டும் நன்றாக ஆடுகிறார் என்றால் அவருடைய கடினநிலையை மட்டும் கடினமான 'ஏ'-வுக்கு (இடது ஆட்டக்காரருக்கு எஃப்5, வலது ஆட்டக்காரருக்கு எஃப்7) மாற்றிவிடுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருப்பது இதற்குத்தான்.

இது கைவந்த பிறகு, 1980-இல் மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் கருவிக்கு வந்த 'என்.பி.ஏ. பாஸ்கெட்பால்' பக்கம் போகலாம். அதில் பக்கத்துக்கு மூன்று பேர். இங்கே இல்லாத ஒரு வேலை அங்கே சேரும்: பந்தைக் கூட்டாளிக்கு அனுப்புவது.