பிளக் பொருந்தினால் படம் வந்துவிடாது: பழைய கம்ப்யூட்டரும் புது மானிட்டரும்

பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கியதும் பலரும் முதலில் செய்வது, அதன் பின்பக்கத்தில் செருகக்கூடிய ஓர் அடாப்டரைத் தேடுவதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிளக்கின் உருவத்தைப் பார்த்து உள்ளே என்ன சிக்னல் ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

9 பின் பிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம் பிசியில் திரைக்குப் படம் அனுப்ப வந்த எம்டிஏ, சிஜிஏ, ஈஜிஏ என்ற மூன்று வகைக் கார்டுகளுக்கும் அதே 9 பின்தான். பல வகைச் சிக்னல்களை ஏற்கும் ஆரம்பகால மல்ட்டிசிங்க் மானிட்டர்கள் சிலவற்றில், பின்னால் 15 பின் பிளக்கோடு வந்த விஜிஏ முறையின் சிக்னலை வாங்கிக்கொள்ளவும் அதே 9 பின்தான். அவற்றுக்காக வந்த ‘9 பின்னிலிருந்து 15 பின்’ அடாப்டரைப் பார்த்து, சிஜிஏ கார்டை விஜிஏ மானிட்டரில் இணைக்கத்தான் இது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. நானும் அப்படி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சிஜிஏ அனுப்புவது டிஜிட்டல் சிக்னல். ஒவ்வொரு நிறக் கம்பியிலும் ஏறக்குறைய 0 அல்லது 5 வோல்ட், நடுவில் எதுவும் கிடையாது. விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பதோ 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அனலாக் சிக்னல். படம் வராததோடு போனால் பரவாயில்லை, மானிட்டரின் உள்ளீட்டுச் சுற்றே கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது.

சரி, வோல்டேஜ் ஒத்துப்போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அலைவரிசை, அதாவது நொடிக்கு எத்தனை கோடுகள் வரைகிறது என்ற கணக்கு, வந்து நிற்கும். 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் டிவியை நம்பிப் பிறந்தவை. அதனால் டிவியைப் போலவே நொடிக்குச் சுமார் 15,000 கோடுகள் வரைந்தன: பால் (PAL) என்ற டிவி முறையில் 15.625 கிலோஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் 15.734. 1987இல் வந்த விஜிஏ அதை இரு மடங்காக்கி 31.5-க்குக் கொண்டுபோனது. இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே இறங்காது. அமிகா கம்ப்யூட்டரின் 23 பின் பிளக்கில் வருவது நல்ல அனலாக் ஆர்ஜிபிதான், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில். ஒயரை மட்டும் மாற்றி விஜிஏவில் செருகினால் திரையில் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வரும். உடனே மெஷின் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடாதீர்கள். அடாரி எஸ்டி கம்ப்யூட்டர் இன்னும் வேடிக்கை. அதன் கறுப்பு வெள்ளை மோடு சுமார் 35.7 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் சரியான கேபிள் இருந்தால் பல விஜிஏ மானிட்டர்களில் நேரடியாகத் தெரியும். அதே துளையிலிருந்து வரும் கலர் மோடு தெரியாது.

ஆக, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் வழுக்கிவிழ இடம் உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டரைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அது ஒருவழிப் பாதை. உள்ளே சிப் இல்லாத வெறும் விஜிஏ-எச்டிஎம்ஐ கேபிளை வாங்கவே வேண்டாம். ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும் காம்போசிட் சிக்னலை எச்டிஎம்ஐயாக்கும் மலிவுப் பெட்டிகளில் படம் வரும், ஆனால் பழைய கம்ப்யூட்டர் அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல பெட்டிகள் இன்டர்லேஸ் (ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி அனுப்பும் முறை) என்று தவறாக எடுத்துக்கொள்கின்றன. ஓடும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போல் பிசிறடிக்கும். ஓஎஸ்எஸ்சி என்ற கன்வெர்ட்டர் போன்ற கருவி இதைச் சரியாகக் கையாளும், தாமதமும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வந்த வேகத்திலேயே வெளியே அனுப்பும், எனவே பால் கம்ப்யூட்டர் என்றால் அதன் 50 ஹெர்ட்ஸை (நொடிக்கு 50 படம்) உங்கள் மானிட்டர் ஏற்குமா என்று முதலில் பாருங்கள். சிஜிஏ போன்ற டிஜிட்டல் ஆர்ஜிபிக்கு, ராஸ்பெரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்யும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என் தேர்வு.

காம்போசிட் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் தவறுதான். ஆப்பிள் 2-இன் கலர்களும், சிஜிஏவின் சில விளையாட்டுகளில் வரும் 16 கலர்களும் காம்போசிட் சிக்னலின் குறையைப் பயன்படுத்திக்கொண்டே பிறப்பவை. சுத்தமான ஆர்ஜிபியில் பார்த்தால் அந்த விளையாட்டுகளில் கோடு கோடாகத்தான் தெரியும். கொமடோர் 64-இல் நிலைமை வேறு. அதில் ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் கிடைக்கின்றன, எஸ்-வீடியோவாக எடுப்பதே நல்லது. நிறக் கம்பியின் சிக்னல் அளவுக்கு மீறி வலுவாக இருக்கும் என்பதால் அந்தக் கம்பியில் சுமார் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம்.

படம் வந்ததும் அதை அகலத் திரை முழுக்க இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. 320க்கு 200 என்ற படம் 4:3 திரையை நிரப்புவதற்காக வரையப்பட்டது. அதன் பிக்சல்கள் சதுரமல்ல, அகலத்தைவிட உயரம் கொஞ்சம் அதிகம். மானிட்டரிலோ கன்வெர்ட்டரிலோ 4:3 வைத்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும்.

அப்புறம், எல்லாம் சரியாகி சிஜிஏ படமும் வந்த பிறகு, பழுப்பு நிறம் வரவேண்டிய இடத்தில் மங்கிய மஞ்சள் தெரிந்தால் கார்டைச் சந்தேகப்படாதீர்கள். கார்டு அனுப்புவதே மங்கிய மஞ்சள்தான். அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக்கியது ஐபிஎம்மின் 5153 மானிட்டர். இப்போது அந்த வேலையைக் கன்வெர்ட்டர் செய்ய வேண்டும். அதன் மெனுவில் சிஜிஏ வண்ணப் பட்டியல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.