தொண்ணூத்தொம்பது வெள்ளமும் ஒரு கூகுள் டாக்கும்

மூணாறு பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் 31 பேர். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்பது. வீட்டில் போன் உண்டு, ஆனால் அது காலையில் அம்மாவோடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனால் சாயந்தரம்தான் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுக்கு, திரும்பும். இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஆன்லைனில் சேர்ந்து எழுத வைக்க முடியுமா என்று கேட்கிற டீச்சர்மாருக்கும் சார்மாருக்கும் இது. முடியும். கருவியைத் தேடுவதற்கு முன்னால் வேலையைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வருஷம் நான் தலைகீழாகச் செய்தேன். ஆளாளுக்குக் குறிப்பும் படமும் ஒட்டுகிற ஆன்லைன் பலகையான பேட்லெட்டில் சுவர் ஒன்று திறந்து, ‘சுற்றுச்சூழலைப் பற்றி உங்கள் கருத்து’ என்று போட்டேன். ஒரே நாளில் சுவர் முழுக்க ரோஜாப்பூவும் ‘குட் மார்னிங் டீச்சர்’களும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு ஒருத்தருக்கு இன்னொருத்தர் தேவையே இல்லை.

அடுத்த வருஷம் ஒரே ஒரு கூகுள் டாக் (பல பேர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஆன்லைன் பக்கம்), ஒரே ஒரு கேள்வி: பழைய வெள்ளத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லக் கேட்டிருக்கிறார்கள்? 1924 ஜூலையில் மூணாறை அடித்துப்போன வெள்ளம் அது. குண்டளை பள்ளத்தாக்கில் டாப் ஸ்டேஷன் வரை ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயிலும் அதோடு போனது. நேரில் பார்த்தவர்கள் இல்லை. கேட்டதைக் கேட்டவர்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை கொண்டுவருவது துண்டு. நாலு துண்டு சேர்ந்தால்தான் கதை.

டாக்கைத் திறந்ததும் தலைப்புகளை நீங்களே போட்டுவிடுங்கள். நான் போட்டது: பாலம், ரயில், வீடு, சாப்பாடு, வதந்தி. வெற்றுப் பக்கத்தைக் கொடுத்தால் எல்லாரும் முதல் வரியிலேயே முட்டிக்கொள்வார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று நாலு பேர்: ஒருத்தர் சொல்ல, ஒருத்தர் தட்ட, மிச்சப் பேர் படித்துப் பார்க்க. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாறணும். இல்லையென்றால் வேகமாகத் தட்டத் தெரிந்த பையனே பீரியட் முடியும்வரை உட்கார்ந்திருப்பான்.

‘லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். கணக்கில் நுழையாமல் வருகிறவர்களுக்கு கூகுள் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டிவிடும். ஒரு நாள் ‘சாப்பாடு’ பத்தி முழுசாகக் காணோம். விசாரித்தால், “அந்தக் காபிபாராதான் டீச்சர் அழிச்சிச்சு.” யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதற்கப்புறம் பள்ளிக் கணக்கில் நுழைந்தால்தான் டாக் திறக்கும். போன பத்தியை ஃபைல் மெனுவில் உள்ள வெர்ஷன் ஹிஸ்டரியிலிருந்து மீட்டேன்; எப்போது என்ன மாறியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அங்கேதான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

வதந்தி குழுவில் ஒரு பையன், தாத்தா சொன்னபடி ‘தொண்ணூத்தொம்பது வெள்ளம்’ என்று எழுதியிருந்தான். ரயில் குழுப் பெண் ஒருத்தி அதை ‘1999’ என்று திருத்தினாள். பையன் பழையபடி மாற்றினான். பாலம் குழு வந்து ‘1924’ ஆக்கியது. மறுபடி ‘1999’. ஹிஸ்டரியில் ஒரே மத்தியானத்தில் ஏழு முறை. நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி ஓரத்தில் கமெண்ட் போட்டாள்: “1999ல எங்கம்மா அஞ்சாங்கிளாஸ். ரயிலே அடிச்சிட்டுப் போற அளவு வெள்ளம் வந்திருந்தா அவங்களுக்குத் தெரியாதா?”

அந்த வருஷம் கேரளத்து மலையாள நாட்காட்டியில் கொல்லம் ஆண்டு 1099, அதைத்தான் பெரியவர்கள் சுருக்கி 99 என்கிறார்கள் என்பதை அப்புறம்தான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

அந்த மத்தியானத்திலிருந்து வந்தவைதான் எங்கள் விதிகள். அடுத்தவர் எழுதியதில் கை வைக்கக் கூடாது. ‘சஜெஸ்டிங்’ முறையில் திருத்தம் சொல்லலாம், எழுதியவர் ஏற்றால் மாறும். கமெண்டில் ‘சூப்பர்’ செல்லாது, கேள்விதான் செல்லும். பத்து மதிப்பெண்ணில் ஆறு அந்தக் கேள்விகளுக்கும் திருத்தங்களுக்கும். ஹிஸ்டரியை மட்டும் நம்பி மார்க் போட்டுவிடாதீர்கள், அதிலும் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் பெயர் எங்குமே வரவில்லை. பார்த்தால் ‘வீடு’ பகுதி முழுக்க அவள் ஆச்சி சொன்னது, இவள் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்தவள் தட்டியிருக்கிறாள். அதனால் ஒவ்வொரு பத்திக்கும் கீழே சொன்னவர், தட்டியவர் என்று இரண்டு பேரையும் எழுதுகிறோம்.

தமிழில் தட்டுவது ஆரம்பத்தில் இம்சைதான். லேபில் தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழக்கினால் போதும் (வெள்ளமும் 99, கீபோர்டும் 99 என்று ஒரே சிரிப்பு). போனில் பேசித் தட்டலாம், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சை அது கண்டபடி எழுதும். அதைத் திருத்துவதே ஒரு மொழிப்பாடம். மஞ்சு (மூடுபனி) இறங்கி நெட் போகிற நாளுக்கு அரைப் பக்கத் துண்டுத்தாள் வைத்திருங்கள். எழுதி வைத்து மறுநாள் ஏற்றலாம்.

இனி வாட்ஸ்அப். 2020 ஜூனில், கொரோனாவால் பள்ளி பூட்டியிருந்தபோது, கேரள அரசின் கல்வி சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கிய சமயம் பிறந்த வகுப்புக் குரூப்புகள் பல பள்ளிகளில் இன்னும் ஓடுகின்றன. 13 வயது ஆகாமல் பிள்ளைகள் தாங்களாக வாட்ஸ்அப் கணக்கு வைக்கக் கூடாது, எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது ஆகியிருக்காது. அதனால் குரூப்பில் பெற்றோர் மட்டும், அட்மின் மட்டுமே அனுப்பும்படி பூட்டு. குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஓர் அம்மாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ‘ஹாய்’ வர ஆரம்பித்தது. அவர் எதுவும் சொல்லாமல் குரூப்பை விட்டுப் போய்விட்டார், காரணம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வாட்ஸ்அப்பிலேயே உள்ள ‘கம்யூனிட்டி’ வசதியின் அறிவிப்புக் குரூப்தான் பயன்படுத்துகிறேன்; அதில் அட்மின் தவிர மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் காட்டாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஃபேஸ்புக்கிலோ ஸ்டேட்டஸிலோ போடுவதில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள்தான். சட்டம் இல்லாவிட்டாலும் பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

பேட்லெட்டை அடியோடு விடவில்லை. ஆசிரியர் பார்த்து அனுமதித்தால்தான் பதிவு தெரியும் என்கிற அமைப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டில் கிடைத்த பழைய படங்களை ஒட்டப் பயன்படுத்துகிறோம்.

டாக்கில் அந்த வரி இப்போது ‘1924 ஜூலை (கொல்லம் 1099)’ என்று நிற்கிறது. ரயில் பகுதியின் ஓரத்தில் ஒரு கமெண்ட் மட்டும் இன்னும் மூடாமல் இருக்கிறது: “அப்ப தண்டவாளத்தையெல்லாம் யாரு எடுத்துட்டுப் போனா?” இந்த வருஷப் பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் திறந்து காட்டினேன்.