டிரைவர் சீட்: கவருக்கு முன்னால் ஃபோமைப் பாருங்கள்

பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறேன். சில்க் போர்டு நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்கிறவனுக்கு சீட் சரியில்லை என்றால் சாயந்திரத்துக்குள் இடுப்பு சொல்லிவிடும். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் சீட்டின் வலது ஓரம்தான் முதலில் போகும், ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு அங்கேதான் உரசுகிறது. மேல்துணி கிழிவதற்கு முன்பே உள்ளே ஃபோம் நொறுங்கத் தொடங்கியிருக்கும். அதன்மேல் புதுக் கவர் மாட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாய்வது மாறாது. முட்டியை சீட்டின் நடுவிலும் ஓரத்திலும் ஊன்றிப் பாருங்கள். கம்பி தட்டுப்பட்டால் ஃபோம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. சாய்மானத்தின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருந்தால் அந்த சீட்டை வீட்டில் தொடாதீர்கள், தெரிந்த சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள். அதற்கு மேலே சாதாரணக் கவர் போடுவதும் தவறு, ஏர்பேக் விரிய வழி இருக்காது. லேபிள் இல்லாத சீட்டுக்குத்தான் இனி சொல்வதெல்லாம்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். (மோட்டார் வைத்த சீட் என்றால், போல்ட்களைத் தளர்த்திய பிறகு இதைச் செய்யுங்கள். கரன்ட் இல்லாமல் அது நகராது.) ஹெட்ரெஸ்டை எடுத்துவிட்டு சீட்டைப் பின்னால் தள்ளினால் முன்பக்க போல்ட் இரண்டும் தெரியும், முன்னால் தள்ளினால் பின்பக்கத்து இரண்டும். பல வண்டிகளில் 14-ஆம் நம்பர் சாக்கெட் பொருந்தும். சில ஐரோப்பிய வண்டிகளுக்கு நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட் வேண்டும். போல்ட்டை எடுத்ததும் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். சீட்டைப் பின்பக்கம் சாய்த்து அடியில் பாருங்கள். ஜூலை 2019-க்குப் பிறகு தயாரித்த வண்டிகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்பதால் ஒயர் நிச்சயம் இருக்கும். அதன் கனெக்டரைப் பிரித்த பிறகு வெளியே எடுங்கள். கதவு வாசலில் பழைய போர்வை ஒன்றை விரித்துக்கொண்டால், சீட்டின் அடியில் இருக்கும் தண்டவாளம் (சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பட்டை) பெயின்டைக் கீறாது.

பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அடியில் கவரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை விடுவித்தால் உட்காரும் பகுதி ஃபோமும் கவருமாகச் சேர்ந்து வந்துவிடும். இனிமேல்தான் பொறுமை வேண்டும். கவரின் உள்பக்கத்தில் துணிப் பட்டி தைத்து அதற்குள் ஒரு கம்பி ஓடும். அதை ஃபோமுக்குள் புதைந்த இன்னொரு கம்பியோடு சின்னச் சின்ன இரும்பு வளையங்கள் சேர்த்துப் பிடித்திருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டு, வளையங்களை கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். கவரில் இருக்கும் கம்பியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதுக் கவரின் பட்டியில் பாவாடைக்கு நாடா கோப்பது போல அதையே கோக்க வேண்டும். சீட்டின் நடுவில் அந்தப் பள்ளம் விழுவதே அந்தக் கம்பியால்தான்.

நொறுங்கிய ஃபோமை ஆக்சா பிளேடால் நேராக அறுத்து எடுங்கள். அந்த இடத்துக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேட்டு வாங்குங்கள். மெத்தைக்கடையில் மிஞ்சிய பஞ்சு போன்ற ஸ்பாஞ்சை அடைத்தால் சீக்கிரமே அமுங்கிவிடும். ஃபெவிகால் எஸ்ஆர் போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே கெட்டியான கேன்வாஸ் துணி ஒன்றைப் போடுங்கள், கம்பி ஃபோமை அறுக்காது.

கவருக்கு நான் போவது ஜே.சி. ரோடு. அங்கே குஷன் கடைப் பெரியவர் ஒருவர் தமிழிலேயே பேசுவார். "தம்பி, வண்டியக் கொண்டு வராதே, பழைய கவரைக் கொண்டு வா" என்பார். பழசின் தையலைப் பிரித்து, அந்த அளவிலேயே புதுசை வெட்டித் தைத்துவிடுவார். முழுக்க ரெக்சின் வேண்டாம் என்பது என் கருத்து. ஏப்ரல் வெயிலில் முதுகு நனைந்துவிடும். உட்காரும் நடுப்பகுதி துணி, உரசும் ஓரங்கள் ரெக்சின் என்று தைக்கச் சொல்லுங்கள்.

புதுக் கவரைச் சிறிது நேரம் வெயிலில் போட்டால் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். முதலில் நடுப்பள்ளம், அப்புறம் ஓரங்கள். இரும்பு வளையத்துக்கு அதற்கென்றே ஒரு பிளேயர் இருக்கிறது. அது இல்லையென்றால் கேபிள் டை போதும். டையின் முடிச்சு அடிப்பக்கம் இருக்கட்டும், மேலே வந்தால் தொடையில் குத்தும்.

திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். நான்கும் சரியாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர். அப்புறம் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, இரண்டு தண்டவாளமும் 'டக்' என்று பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பூட்டினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். சீட் பெல்ட் பக்கிளும் இந்த சீட்டோடுதான் இருக்கிறது, பிரேக் அடிக்கும்போது உங்களைப் பிடிக்கப்போவது இந்த போல்ட்கள்தான். கனெக்டரையும் பேட்டரி ஒயரையும் மாட்டி, பெல்ட் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். பசை வாடை போக, ராத்திரி முழுக்க கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் காலை சவாரி எடுங்கள்.