சங்கரதாஸ் சுவாமிகளின் மண்ணுக்குக் குழுப் பயணம்: சுங்கை சிப்புட்டிலிருந்து திட்டமிடுவது எப்படி

மலேசியத் தோட்டத்துக் கோவில் திருவிழாக்களில் ஒரு காலத்தில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் ஆகிய நாடகங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரே, நாடக ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தவர். அவருடைய மண்ணைப் பார்க்கப் போகும் குழுக்கள் பெரும்பாலும் கட்டடங்களைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புகின்றன. பாரதிக்கு எட்டயபுரத்தில் இருப்பதுபோல் இவருக்குப் பெரிய நினைவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். இவருடைய நினைவகம் ஏதோ ஒரு கிராமத்துக் கோவில் முன்னால் இரவு 10 மணிக்குப் போடப்படும் மேடைதான். ஆகவே முதலில் ஒரு நாடக இரவைப் பிடியுங்கள். மற்ற இடங்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்கிக்கொள்ளலாம்.

எந்த மாதம்?

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகங்கள் (கலைஞர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரே இரவுக்கு நடத்தும் நாடகங்கள்) குவிவது பங்குனி, சித்திரையில், அதாவது மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று நினைப்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நவம்பர், டிசம்பரில் அங்கே வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி மேடைகள் குறைவு, இந்தப் பயணத்தில் பார்க்கவேண்டிய தூத்துக்குடி உப்பளங்களும் தண்ணீரில் நிற்கும். நவம்பர் 13-ஐ ஒட்டிப் புதுச்சேரி சமாதியில் கலைஞர்கள் கூடி மரியாதை செய்வதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மட்டும் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை பங்குனியோடு ஒட்டி வரும் ஆண்டு இரண்டுக்கும் பொருந்தும். சித்திரையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மீனாட்சி திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரை மதுரையில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வேன் நகராது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்களும் தாள்களும்

12 பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் கிராமத்தில் கழிப்பறை, சாப்பாடு, படுக்கை எல்லாமே சிக்கலாகும். 12 பேருக்கு 12 இருக்கை வேன் எடுக்காதீர்கள். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். 17 இருக்கை டெம்போ டிராவலர் எடுங்கள்.

மலேசியர்களுக்கு இந்தியாவின் இ-விசா உண்டு. அரசாங்கத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் கறந்துவிடும். கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். விண்ணப்பம் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். ஒன்று, பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி. சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை என்றால் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள், விமானச் சீட்டிலும் அதே வடிவம் இருக்கட்டும். இரண்டு, பெற்றோர் பிறந்த ஊர். தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் பலருக்கு அப்பா தமிழ்நாட்டில் எந்த ஊர் என்பது வாய்மொழியாகத்தான் தெரியும். படிவத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகு யோசிக்காமல், பழைய பிறப்புச் சான்றிதழ்களை ஒரு வாரம் முன்பே எடுத்து வையுங்கள்.

விமானத்தைத் திருச்சியில் இறங்கி, சென்னையில் ஏறும்படி பதிவு செய்யுங்கள். போன வழியே திரும்புவதற்கு ஒரு முழு நாள் வீணாகும், அது மிச்சம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து கேஎல்ஐஏ விமான நிலைய ரயில். எந்த முனையம் என்று சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏர் ஏசியா முனையம் 2-இலிருந்து புறப்படும். அதிகாலை விமானமாக இருந்தால் முதல் நாள் மாலையே கிளம்பிவிடுவது நல்லது.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

இதைத் தவிர்த்தால் நாடக இரவில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வள்ளி திருமணத்தின் அச்சுப் பிரதி ஒன்று போதும். வாரம் ஒரு மாலை, மூன்று வாரம் உட்காருங்கள். முதல் மாலையில் நாரதர் வரும் பகுதி, இரண்டாவதில் வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம், மூன்றாவதில் மீதி. ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசியுங்கள். விருத்தம், சிந்து, தெம்மாங்கு என்று பாட்டு மாறும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். குழுவில் பழைய தோட்ட நாடகத்தில் வேஷம் கட்டியவர் ஒருவர் இருந்தால் அவரையே நடத்தச் சொல்லுங்கள், புத்தகத்தில் இல்லாத ராகம் அவரிடம் இருக்கும்.

சுவாமிகளின் வாழ்க்கையை அறிய, அவருடைய சிறுவர் குழுவில் வளர்ந்த டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஒன்று போதும். ஒரே வீச்சில் படிக்கலாம்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை

வேனைத் திருச்சியில் அமர்த்தினால் கணக்கு இப்படி: கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா (தினப்படி), சுங்கச்சாவடி, பார்க்கிங். வண்டியைத் தூத்துக்குடியில் விட்டுவிட்டாலும் அது காலியாகத் திருச்சி திரும்பும் தூரத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். பேசும்போதே அதை எழுதி வாங்குங்கள். நாடக இரவில் ஓட்டுநர் விடிய விடிய விழித்திருந்தால் மறுநாள் அவர் வண்டி எடுக்கக் கூடாது. அன்று மாலை 6 வரை ஓய்வு என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதில் பேரம் வேண்டாம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர். இங்கே பார்க்க அதிகம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் உண்டு. கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளையிடம் சுவாமிகள் தாளக்கலை கற்றது இந்த ஊரில்தான், பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். நாடகப் பாட்டில் சந்தம் பிசகாமல் துள்ளுவதற்குக் காரணம் தேடுபவர்கள் இங்கே அரை நாள் நிற்கலாம். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் வழியிலேயே இருக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு கிளம்பினால் மாலைக்குள் மதுரை.

மதுரையில் 3 இரவு வேண்டும். 1918-இல் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் இது. தமுக்கம் மைதானப் பகுதியில் அவருடைய சிலை இருக்கிறது. மாலை போட விரும்பினால் காலை 8 மணிக்கு முன் போங்கள். பிறகு வாகன நெரிசலில் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. சிலைக்கு அரை மணி நேரம் போதும், மிச்ச நாள் முழுவதும் நாடகம் தேடுவதற்கு.

நாடக இரவு

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். சில சமயம் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகச் சந்திப்பதே மேடையில்தான். எல்லாரும் தெரிந்து வைத்திருக்கும் பொதுப்பிரதி சுவாமிகள் அமைத்த வடிவம் என்பதால்தான் இது நடக்கிறது. இந்தப் பயணம் முழுவதிலும் கவனிக்க வேண்டிய ஒரே அதிசயம் இதுதான்.

நாடகம் எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள். நாடக நடிகர் சங்கத்துக்குப் போய்க் கேளுங்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல்லில் சங்கங்கள் உண்டு, அங்கே யாருக்கு எந்தத் தேதியில் எந்த ஊரில் நாடகம் என்று தெரிந்திருக்கும். அடுத்தது நோட்டீஸ்: நடிகர்களின் படங்களோடு தேதி, ஊர், கோவில், நாடகத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, தங்கும் விடுதிப் பணியாளர். அவருடைய சொந்த ஊரில் திருவிழா இருக்கக்கூடும்.

நோட்டீஸைப் படிக்கும்போது தேதியில் கவனம். 12-ஆம் தேதி இரவு 10 மணி என்றால் நாடகம் முடிவது 13-ஆம் தேதி காலை. “13-ஆம் தேதியும் நடக்குமே” என்று மறுநாள் போய்க் காலி மேடையைப் பார்க்கும் குழுக்கள் உண்டு. 10 மணி என்பதும் பெயருக்குத்தான், மைக் செட் தயாராகும்போது தொடங்கும்.

ஊர் முடிவானதும் குழுவில் ஒருவர் பகலிலேயே போய் விழாக் கமிட்டியைப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை: மலேசியாவிலிருந்து 12 பேர் வரலாமா, எங்கே உட்காரலாம், பெண்கள் கழிப்பறைக்கு எந்த வீட்டுக்குப் போகலாம். கடைசிக் கேள்வியைக் கூச்சத்தால் விட்டுவிட்டால் இரவு 2 மணிக்குக் குழு பாதியில் கிளம்ப வேண்டியிருக்கும். கோவிலுக்கு ஒரு தொகை நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாடகம் பார்க்கக் கட்டணம் கிடையாது.

முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸும். சிரிப்பு பச்சையாக இருக்கும், பிள்ளைகளோடு வருபவர்கள் தெரிந்து வாருங்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு 12 மணிக்குச் சலித்து வேனுக்குப் போய்விடுவதுதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் சுவாமிகளின் நாடகமே அதன் பிறகுதான் தொடங்குகிறது. உடம்பு தாங்காதவர்கள் விடுதியில் 11 வரை தூங்கிவிட்டு நள்ளிரவில் வரட்டும். நாரதர் வந்துபோனதும் விழிப்பாக இருங்கள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிப் புகழ்பெற்ற ‘காயாத கானகத்தே’ காதில் விழுந்தால் வேடன் வந்துவிட்டான், தூங்குபவர்களை எழுப்புங்கள். வள்ளி, முருகன் தர்க்கத்தில் இருவரும் கையிருப்பை எல்லாம் இறக்குவார்கள். ஆர்மோனியக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கவனித்தால் யார் வெல்வார் என்று தெரிந்துவிடும்.

ஆளுக்கொரு பாய், கொசுவர்த்தி, தண்ணீர், மெல்லிய போர்வை. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காரும் ஊர்களில் அப்படியே உட்காருங்கள். அன்பளிப்பைக் கமிட்டி ஆள் மூலம் கொடுங்கள், மைக்கில் பெயரும் ஊரும் சொல்வார்கள். “சுங்கை சிப்புட்” என்பதைத் துண்டுச்சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வீடியோவுக்கு நடிகர்களிடம் முதலிலேயே அனுமதி கேட்க வேண்டும். டான்ஸ் ஆடும் பெண்களின் துண்டுக் காட்சியை டிக்டாக்கில் போடுவது அவர்கள் பிழைப்பில் மண் போடும் வேலை.

மறுநாள் ஒன்றும் வைக்காதீர்கள்.

தெற்கே

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக எட்டயபுரம் சுமார் 100 கிலோமீட்டர். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் நினைவிடம் எல்லாம் ஒரே சிற்றூரில். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காட்டுநாயக்கன்பட்டிக்கு வரைபடச் செயலியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள பட்டிகள் தென்மாவட்டங்களில் பல. ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் வேறு திசைக்குப் போய்ச் சேரலாம். தூத்துக்குடி மாவட்டம் என்பதை உறுதி செய்துகொண்டு, கிளம்பும் முன் ஓட்டுநரை அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வழி கேட்கச் சொல்லுங்கள். ஊரில் “நாடகம் எழுதின சாமி” என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். வெயில் ஏறுமுன் போய் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். பெட்டிக்கடையில் மலேசிய வங்கி அட்டை உதவாது, பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு தூத்துக்குடி. நாடகத்துக்கு வருமுன் சுவாமிகள் உப்பளத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். ஆகவே மறுநாள் காலை 6 மணிக்கு உப்பளம் பாருங்கள். அது தனியார் வேலையிடம், வரப்பில் இறங்கக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் குழுவில் இருந்தால் பேச்சு இங்கே நீளும்.

புதுச்சேரி

தூத்துக்குடியிலிருந்து புதுச்சேரிக்கு வேனில் போவது உடம்புக்குக் கேடு. வண்டியை இங்கேயே அனுப்பிவிட்டு, சென்னை செல்லும் இரவு ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் விழுப்புரத்தில் இறங்குங்கள். விடியுமுன் வந்துவிடும், அலாரம் வையுங்கள். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பங்குனி, சித்திரையில் முதல் நாளிலேயே போடாவிட்டால் 12 படுக்கை சேர்ந்து கிடைக்காது. பெரியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கேளுங்கள்.

சமாதி கருவடிக்குப்பம் இடுகாட்டுப் பகுதியில் உள்ளது. இதைப் பயணம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் உள்ளே வரமாட்டார்கள், சிலர் போய்வந்ததும் குளிக்க வேண்டும் என்பார்கள். காலையில் முதல் வேலையாக அங்கே போய்விட்டுப் பிறகு விடுதிக்குப் போனால் இரு தரப்புக்கும் வசதி. மாலை, கற்பூரம், தீப்பெட்டியை நகரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதே கருவடிக்குப்பத்தில் பாரதியின் குயில் தோப்பும் இருக்கிறது, வராதவர்கள் அங்கே காத்திருக்கலாம். நகருக்குள் பாரதி, பாரதிதாசன் இல்லங்கள் மாலைக்குப் போதும். நாடகம் படிக்கும் பிள்ளைகள் குழுவில் இருந்தால், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகள் பெயரிலேயே இயங்குகிறது. உள்ளே போக முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள்.

சென்னை விமான நிலையம் இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைச் சாலையில் அது ஐந்தாகும். இரவு 11 மணி விமானத்துக்கு மதியம் 2 மணிக்கே புறப்படுங்கள். ஆர்மோனியம் வாங்கியவர்கள் அதைக் கைப்பையாக ஏற்ற முடியாது. விமானச் சீட்டு போடும்போதே கூடுதல் எடை வாங்கி, பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.