ஓஆர்எஸ் கலக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றில் சுகாதாரப் பேச்சு. புதிதாகச் சேர்ந்த தொண்டூழியர் ஒருவர் பேசினார். "வயிற்றுப்போக்கு வந்தா ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் கலந்து குடிங்கண்ணே." ஓஆர்எஸ் என்பது தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி. எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு தண்ணீரில் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த எனக்குப் பக்கென்றது. தாதியான புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை கழுவுவது, தண்ணீரைக் கொதிக்க வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அளவு பார்க்காமல் கலப்பது

ஊரில், அதாவது இந்தியாவில், ஓஆர்எஸ் இரண்டு அளவில் கிடைக்கிறது. ஏறக்குறைய 21 கிராம் பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு.

உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கரைசல் கெட்டியானால் உடம்பிலுள்ள தண்ணீர் குடலுக்குள் இறங்கிவிடும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். சின்னப் பிள்ளைக்கு வலிப்பே வரலாம்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் என் அக்கா குடும்பம் கும்பகோணம் போயிருந்தது. மகனுக்கு 2 வயது, பேதி. "ஒரு பாக்கெட் கலந்து குடுக்கா" என்று ஜூரோங்கிலிருந்து ஃபோனில் சொன்னேன். அக்கா காப்பி டம்ளரில் கலந்திருக்கிறாள். பிள்ளை முகம் சுளித்துத் துப்பத் துப்ப, மருந்துதானே என்று கரண்டியால் புகட்டியிருக்கிறாள். ராத்திரி முழுக்கத் தாகத்தில் அழுதவன் காலையில் துவண்டுவிட்டான். மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்தான். அக்கா மேல் தப்பே இல்லை. அளவைச் சொல்லாதவள் நான்.

உலகில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். அதைத் தடுக்கும் மருந்து இவ்வளவு மலிவாகக் கையில் இருந்தும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த நெருக்கடியிலும் உப்பையும் குளுக்கோஸையும் கல்கத்தாவில் நிறுத்துப் பொட்டலம் கட்டித்தான் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது பேசப் போனால் 1 லிட்டர் காலி பாட்டில் என் பையில் இருக்கும். பாக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பதை யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லி, அங்கேயே கலந்து, ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பேன். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அளவு தப்பு.

நேற்றுக் கலந்ததைக் கொடுப்பது

24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டை நிறுத்துவது

வேண்டாம். கஞ்சி, இட்லி, தயிர்சாதம் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

"சிங்கப்பூர்த் தண்ணீர் சுத்தம்தானே?"

சுத்தம்தான், குழாயிலிருந்து அப்படியே குடிக்கலாம். ஆனால் அசுத்தமான தண்ணீர், உணவு வழியே பரவும் டைஃபாய்டு காய்ச்சல் இங்கே வந்தால், அது பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணத்தில் தொற்றியது. அறிகுறி தெரிய 1 முதல் 3 வாரம் ஆகும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது நன்றாக இருந்த பிள்ளைக்குப் பள்ளி திறந்த பிறகு காய்ச்சல் அடிக்கும். ஊருக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்புறம், டைஃபாய்டு தடுப்பூசியைப் பயணத்துக்கு 2 வாரமாவது முன்னால் போட வேண்டும். நாளைக்கு ஃபிளைட் என்று வந்து கேட்பவர்களை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன்.