கிராண்ட் பியானோ பதிவு: மைக்கை எங்கே வைப்பது?

வீட்டில் கிராண்ட் பியானோவைப் பதிவு செய்ய, ஒரே மாடலில் இரண்டு சிறிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) கண்டென்சர் மைக்குகள் (மின்சாரம் கொடுத்தால் இயங்கும் நுட்பமான வகை) போதும். முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை நல்லது. 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேண்டும், அவ்வளவுதான்.

மைக்கின் விலையைவிட அது நிற்கும் இடம்தான் முக்கியம். மூடியை முழுக்கத் தூக்கி நிறுத்துங்கள். வளைந்த பக்கத்துக்கு வெளியே, இரண்டு மைக்குகளையும் 17 செ.மீ. இடைவெளியில் 110 டிகிரி விரித்து, தந்திகளைப் பார்க்க வையுங்கள். அறை சிறியதாக, கூரை தாழ்வாக இருந்தால் எதிரொலி கெடுத்துவிடும். அப்போது மைக்குகளை உள்ளே கொண்டுபோங்கள்: தந்திகளுக்கு மேலே 20–30 செ.மீ., ஒன்று கீழ் ஸ்வரங்கள் பக்கம், மற்றொன்று மேல் ஸ்வரங்கள் பக்கம். சுத்தியல்களை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும், 'டக் டக்' சத்தமும் ஏறும். ஒரு சாண் பின்னால் இழுத்தாலே மிருதுவாகிவிடும். இந்த ஒரு சாணுக்காக அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

அப்புறம், பதிவை மோனோவிலும், அதாவது இரண்டு மைக்கின் ஒலியையும் ஒன்றாகக் கலந்தும், கேளுங்கள். ஒலி மெலிந்து போனால் ஃபேஸ் ஒத்துப்போகவில்லை, அதாவது இரண்டு மைக்கின் ஒலி அலைகளும் ஒன்றையொன்று குறைக்கின்றன. ஒரு மைக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மிகச் சத்தமான பகுதியை வாசித்துப் பார்த்து, உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (இன்டர்ஃபேஸில் மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவு) வையுங்கள்.