ஹோமரின் கடவுள்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராய் போரைப் பற்றிப் பண்டைய கிரேக்கக் கவி ஹோமர் பாடிய இலியட் காவியத்தில் கடவுள்கள்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார்கள், மனிதர்கள் வெறும் பொம்மைகள் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அப்படிப் படித்தால் காவியத்தின் உயிரே போய்விடும்.

முதல் காண்டத்தைப் பாருங்கள். கிரேக்கப் பெருவீரன் அக்கிலீஸுக்குப் போர்ப்பரிசாகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்வேன் என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் சொன்னதும், அவனைக் கொல்வதா கோபத்தை அடக்குவதா என்று அக்கிலீஸின் மனம் தடுமாறுகிறது. வாளில் கை வைத்து உருவும்போது அதீனா தேவி பின்னால் வந்து அவன் தலைமுடியைப் பிடிக்கிறாள். அவளோ கட்டளை போடவில்லை. நீ கேட்பாயானால் உன் சினத்தைத் தணிக்க வந்தேன் என்கிறாள். வாளை உறையில் போடுவது அவன் எடுக்கும் முடிவு. அதற்காக அவளை மனசாட்சியின் உருவகம் என்று சுருக்கிவிடவும் கூடாது. அவளை அனுப்பியது ஜீயஸின் மனைவியான ஹீரா தேவி. அந்த உலகில் அதீனா நிஜமானவள்.

19ஆம் காண்டத்தில் அகமெம்னான், பிரிசேயிஸைப் பறித்தபோது தன் அறிவை மயக்கியது கடவுள்களின் அரசன் ஜீயஸும் விதியும் எரினி என்னும் பழிவாங்கும் தேவதையும்தான் என்கிறான். சாக்குச் சொல்லித் தப்பிக்கிறான் என்று பலர் இங்கே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே பேச்சிலேயே அக்கிலீஸுக்குப் பெரும் ஈடு தருவதாகவும் சொல்கிறான். கடவுள் காரணம் என்பதால் மனிதனின் பொறுப்பு குறைவதில்லை. எனக்கு இந்தக் காவியத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, ஜீயஸாவது எல்லாம் வல்லவனா? அதுவும் இல்லை. 16ஆம் காண்டத்தில் போரில் சாகவிருக்கும் தன் மகன் சார்பிடானைக் காப்பாற்ற ஆசைப்படுகிறான். மற்ற கடவுள்கள் ஏற்கமாட்டார்கள், அவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்புவார்கள் என்று ஹீரா எச்சரிக்கிறாள். ஜீயஸ் மண்ணில் இரத்தத் துளிகளைப் பொழிந்துவிட்டு மகனைச் சாக விடுகிறான்.

கடவுள்களை நிரந்தரக் கட்சிகளாகப் பிரிப்பதும் சரிவராது. இலியடில் கிரேக்கர் பக்கம் நிற்கும் கடல் கடவுள் பொசைடன், ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் தன் மகன் பாலிஃபீமஸைக் குருடாக்கிய கிரேக்க வீரன் ஒடிசியஸைக் கடல் முழுக்க அலைக்கழிக்கிறான். அப்புறம், மூன்று தேவியரில் யார் அழகி என்று டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லும் பொன் ஆப்பிள் கதையை இலியடில் தேடாதீர்கள். அந்தத் தீர்ப்பு 24ஆம் காண்டத்தில் சில வரிகளில் வந்துபோகிறது. ஆப்பிள் அங்கே இல்லை.

கடவுள்களின் சண்டைகளை வெறும் நகைச்சுவையாகக் கடந்துபோகவும் வேண்டாம். முதல் காண்டத்தின் முடிவில் ஜீயஸும் ஹீராவும் மோதுகிறார்கள். அவர்களின் மகன் ஹெஃபைஸ்டஸ் ஓடியாடி தேவபானம் பரிமாற, எல்லோரும் சிரிக்க, பகல் முழுக்க விருந்து நடக்கிறது. அதே காண்டத்தில் கீழே மண்ணில் அக்கிலீஸுக்கும் அகமெம்னானுக்கும் தொடங்கிய சண்டையால்தான் பின்னால் அக்கிலீஸின் நண்பன் பாட்ரொக்ளஸ் சாகிறான், டிராயின் வீரன் ஹெக்டரும் சாகிறான்.